பொருந்தலையாம்

என் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தவில்லை என்று அக்காவே போன் செய்து சொன்ன அன்று, மத்தியானச் சாப்பாட்டை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த நாளிலிருந்து வயிற்றுக்குள் யாரோ ஒருவன் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது போலிருந்தது. "பொருந்தலையாம்டா, விடு" என்று அக்கா சொன்னதும் அவன் எழுந்து போய்விட்டான்.

"அப்படியா?" என்றேன்.

"ஆமா. இனிமே அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத. போய் வேலையைப் பாரு."

நான் லிப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் எனக்குப் பட்டாசு என்று பெயர். மூக்கின் மேல் கோபம். வாய் முன்னால் ஓடிவிடும், மூளை பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். இந்தச் சிறுநீரக விவகாரமே அப்படி வந்ததுதான். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் படுத்து, டயாலிசிஸ் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். அத்தானுக்குச் சர்க்கரை. அவருடையது ஆகாது என்று டாக்டர்கள் முதல் நாளே கையை விரித்துவிட்டார்கள். அம்மா அப்பா இல்லை. மிச்சம் நான் ஒருவன்.

அக்கா ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. அத்தானின் தம்பிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும், "கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி இருக்கான், என்ன பிரயோஜனம்?" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. "நான் தரமாட்டேன்னு எப்பய்யா சொன்னேன்? நாளைக்கே போய் டெஸ்ட் குடுக்கறேன், போதுமா?" என்று கத்திவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போதே ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே! மறுநாள் போய் ஏழு குப்பி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு மாதம்.

அக்கா போன் செய்த பிறகு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தப் பேப்பரை வாங்கி வைங்க" என்றாள்.

"எந்தப் பேப்பரை?"

"பொருந்தலைங்கற பேப்பரை. நாளைக்கு உங்க அத்தானோட தம்பி, 'பயந்துக்கிட்டுப் பின்வாங்கிட்டான்'னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அப்ப மூஞ்சில விட்டெறியலாம்."

அந்தக் காட்சி எனக்குப் பிடித்துப்போயிற்று. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஆவணப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லாத கூடம், சுவரோரம் ஒன்றோடொன்று பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். டோக்கன் அறுபத்து நாலு. பலகையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். எதிரே இருந்த லிப்டின் கதவு மூடும்போதெல்லாம் கிறீச்சென்றது. உருளை தேய்ந்திருக்கிறது. காவலாளியிடம் போய், "இதை இப்படியே விட்டா ஒரு நாள் கதவு நடுவுல நின்னுடும்" என்றேன். "டோக்கன் எடுத்தாச்சா சார்?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலிப் பெரியவர், "தம்பி, ரிசல்ட் மோசமா?" என்று மெதுவாக விசாரித்தார். "நல்ல ரிசல்ட்தாங்க. பொருந்தலை" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லவேளை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

ஒருவழியாக என் எண் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட எழுத்தர் ஒருவர் உள்ளே இருந்தார். என் பெயரைச் சொன்னேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான்தான் அவரு."

"உறவுமுறையைக் கேக்கறேன் சார். மகனா, தம்பியா?"

"எனக்கு நானே எப்படிங்க தம்பியா இருக்க முடியும்? ரிசல்ட் என்னோடது. நானே வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஆளே நேர்ல வர்றது ரொம்பக் கம்மி சார். வீட்ல இருந்து வேற யாராவதுதான் வருவாங்க. உறவுமுறைக் கட்டத்தைக் காலியா விட்டா இது ஏத்துக்காது." கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். கணவர், மனைவி, மகன், மகள் எல்லாம் இருந்தது. கடைசியில் 'மற்றவை' என்று போட்டார். என் உடம்புக்கு நான் மற்றவை ஆனேன்.

"போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

வரவில்லை. மறுபடி அனுப்பினார். அதுவும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். எனக்கு ஏறிவிட்டது.

"எந்த நம்பருக்குங்க அனுப்பறீங்க, எதிர்வீட்டுக்கா?"

"நீங்க எழுதிக் குடுத்த நம்பருக்குத்தான் சார். கடைசி நாலு, ஏழு ஏழு மூணு ஒண்ணு."

அது அக்காவின் எண்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் போன் நம்பர் என்ற கட்டத்தில் கை தானாக அக்காவின் எண்ணைத்தான் எழுதும். வங்கி, மின் கட்டணம், என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் அதுதான். லிப்ட் குழிக்குள் போட்டே நான் நாலு போனைத் தொலைத்தவன். என் எண் எனக்கே பாடமில்லை. அக்காவின் எண் பதினெட்டு வருஷமாக மாறவில்லை. இரண்டாவது மணியில் எடுப்பாள், எதையும் மறக்கமாட்டாள். ரத்தம் கொடுக்கப் போன அன்றும் அதே பழக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் என் ரிசல்ட் அவளுக்குத்தான் போயிருக்கிறது. அதனால்தான் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். சரி, இதில் என்ன தப்பு என்று நான் நினைத்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது.

"டேய், எங்க இருக்க?" அக்காதான். "ஆஸ்பத்திரியிலருந்து ரெண்டு தடவை ஏதோ நம்பர் வந்திருக்கு."

"நான்தான்க்கா கேட்டேன். என் ரிசல்ட்டை வாங்கலாம்னு வந்தேன். அந்த நம்பரைச் சொல்லு."

எழுத்தர் விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தார். "அக்கா?"

"எதுக்குடா இப்ப அது? நான்தான் சொன்னேனே."

"சும்மா, கையில இருக்கட்டும்னு. சொல்லு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"அது வந்து... அழிஞ்சுபோச்சு. நீ வீட்டுக்குப் போ. பேப்பர் எல்லாம் நான் வாங்கிக்கறேன்."

எதையும் மறக்காதவள், எதையும் தொலைக்காதவள், இப்போதுதான் வந்த ஆறு இலக்கத்தை அழித்துவிட்டாளாம்! "சரி" என்று வைத்துவிட்டேன். ஆனால் எழுந்து போயிருந்த அந்த ஆள் மறுபடி என் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஓ.டி.பி. இல்லாம வேற வழி இருக்கா?" என்று எழுத்தரைக் கேட்டேன். அடையாள அட்டையைப் பார்த்தார், ஒரு தாளில் விண்ணப்பம் எழுதச் சொன்னார், பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "இது தானம் குடுக்கறவங்க ஃபைல் சார், இங்க தரமாட்டாங்க. மூணாவது மாடியில ஒருங்கிணைப்பாளர் அம்மாவைப் பாருங்க" என்றார். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறினேன்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சின்ன அறை, கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். என் விண்ணப்பத்தையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் எதுக்கு ரிசல்ட்?"

"நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்? பொருந்தலைன்னுதானே சொன்னாங்க?"

"யாரு சொன்னாங்க?"

"அக்கா."

"இந்த நம்பர் யாரோடது?"

"அக்காவோடது."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, என்னங்க இது! குடுக்கறவங்க ரிசல்ட் வாங்கறவங்க கைக்கு முதல்ல போகவே கூடாதுங்க. அதுக்காகத்தான் குடுக்கறவங்க நம்பருக்கு மட்டும் தனியா அனுப்பறோம். நீங்க அவங்க நம்பரையே எழுதிக் குடுத்தா நாங்க என்ன பண்றது?" பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "உங்க ரிசல்ட். நீங்களே பாருங்க."

நான் லிப்ட் வரைபடங்களும் அட்டவணைகளும் பார்த்துப் பழகியவன். மேலிருந்து கீழாக இரண்டு பத்தி இருந்தது, ஒன்றில் அக்காவின் பெயர், இன்னொன்றில் என் பெயர். ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஏதோ எழுத்தும் எண்ணும். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வரிசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இரண்டாவதும் ஒன்று. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் விரல் வழுக்கியது, வியர்வை. ஆறும் ஒன்றுதான். அவள் நெட்டை, நான் குட்டை. அவள் பொறுமை, நான் இப்படி. நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துலயா பொறந்தீங்க என்று கேட்காத ஆள் கிடையாது. இங்கே ஆறு வரிசையிலும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

"கூடப் பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி ஆறும் பொருந்தி அமையும்" என்றார் அந்த அம்மா. "மத்த டெஸ்ட்டும் நல்லா இருக்கு. போன வாரம் உங்களுக்குத் தகவல் அனுப்பினோம். தொடர விருப்பமான்னு கேட்டோம். அன்னைக்கே பதில் வந்துச்சு."

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

'எனக்கு விருப்பம் இல்லை. என்னை மறுபடி அழைக்க வேண்டாம். இது பற்றி என் அக்காவிடம் எதுவும் கேட்க வேண்டாம்.'

அக்கா இருபத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். முற்றுப்புள்ளி இல்லாமல் அவளால் எதையும் எழுத முடியாது. நான் எழுதினால் பாதிச் சொல் விழுங்கியிருக்கும். மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. தனக்கு வரவேண்டியதைத் தானே தட்டிவிட்டு, என் பேரில் பதிலும் அனுப்பிவிட்டாள்.

"நீங்க விருப்பமில்லைன்னு சொன்னா அதுல தப்பே கிடையாது" என்றார் அந்த அம்மா. "பயப்படறவங்க நிறைய பேர் வர்றாங்க. வீட்ல நாங்களே 'ஒத்துவரலை'ன்னு மட்டும் சொல்லுவோம். காரணம் சொல்ல மாட்டோம். யார் மேலயும் பழி வராது."

அதைத்தான் அக்கா ஏற்கெனவே செய்திருக்கிறாளே! ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்தத் தாளை மடித்து இங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனால் என்ன என்று நினைத்தேன். எல்லாம் முன்பு போலவே இருக்கும். எதற்காக வந்தேன், மனைவி பேச்சைக் கேட்டு! அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் கை என்னவோ விலாவுக்குக் கீழே போய்த் தடவிப் பார்த்துக்கொண்டது.

"ஃபைலைத் திரும்பத் திறக்க முடியுமா?"

"முடியும். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வாங்க. தனியா வரணும். கட்டாயத்துல வந்தீங்களா, பயமா, எல்லாம் கேப்பேன். எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம், ஆபரேஷன் மேஜையில படுத்த பிறகுகூட."

மேஜை என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

அங்கிருந்து அக்கா வீடு இருபது நிமிஷம். பைக்கை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் அவளைத் திட்ட ஒரு வாக்கியம் தயார் செய்தேன். இரண்டாவது மாடிக்கு நான் ஏறி மணியை அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்தாள். காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்குக் காலும் முகமும் வீங்கியிருந்தன, மறுநாள் டயாலிசிஸ் என்றால் முந்தின நாள் அப்படித்தான் இருப்பாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

தயார் செய்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. "ஆறும் ஒண்ணா இருக்கு! பொருந்தலையாமே? என் பேர்ல பதில் எழுத நீ யாரு? எனக்கு வாய் இல்லையா?"

"கத்தாத. உள்ள வா."

"கத்துவேன்! உன் உசுரு உனக்கு விளையாட்டா இருக்கா?"

"உக்காருடா முதல்ல."

"உக்கார மாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். நிற்க அவளுக்குத் தெம்பில்லை. "நீ டெஸ்ட் குடுத்த அன்னைக்கு நான் மிஷின்லருந்து எறங்கி வரும்போது உன்னைப் பாத்தேன்" என்றாள். "வராண்டாவுல உக்காந்திருந்த. கையில பஞ்சை அழுத்திக்கிட்டு. உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? உன்னைக் கூப்பிடாம நான் வேற வழியா போயிட்டேன்."

"பயமா இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

"பொருந்தலைன்னு சொன்னப்ப போன்ல ஒரு மூச்சு விட்ட பாரு. அது எனக்குக் கேட்டுச்சுடா."

"ஆமா. சந்தோஷப்பட்டேன்" என்றேன். "ரெண்டு சாப்பாடு சாப்பிட்டேன்."

அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டேய், இங்க பாரு. நான் ஒண்ணும் தியாகி கிடையாது. எனக்கும் வாழணும்னு ஆசைதான். அந்த ரிசல்ட் வந்தப்ப ஒரு மணி நேரம் அதையே வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா உன்னை எனக்குத் தெரியும். நேர்ல கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. சொன்ன பிறகு என் மூஞ்சியில முழிக்க மாட்ட. வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிஞ்சுக்குவ. டெஸ்ட் குடுத்த நாளா இந்த வீட்டுப் பக்கம் வந்தியா நீ? அதுக்கு முன்னாடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து என் உசுரை வாங்குவியே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் எத்தனை வருஷமோ தெரியாது. எத்தனையோ இருக்கட்டும், நீ வந்து போய்க்கிட்டு இருக்கணும். கிட்னியும் இல்லாம, தம்பியும் இல்லாம என்னால ஆகாது. அதான் எழுதினேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு எது வந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது. "நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு நீயா எப்படி முடிவு பண்ணின?"

"அப்ப இப்பக் கேக்கறேன். சொல்லு. தருவியா?"

வாயைத் திறந்தேன். எப்போதும் எனக்கு முன்னால் ஓடும் வாய், அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விருட்டென்று வெளியே வந்து படியிறங்கிவிட்டேன்.

கீழே வந்து பைக்கின் மேல் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், எடுத்தேன். மேலே ஜன்னல் பக்கம் பார்க்கத் துணிவில்லை. அவள் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது போனால் நாளை வரமாட்டேன், நாளன்றைக்கும் வரமாட்டேன். இரண்டிரண்டு படியாக ஏறினேன். கதவு திறந்தேதான் இருந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அங்க போறேன்" என்றேன், மூச்சிரைக்க. "தனியாத்தான் போகணுமாம். சரின்னு சொல்லத்தான் போறேன். ஆனா பயமா இருக்குக்கா, ரொம்பப் பயமா இருக்கு. அங்க போய் உக்காந்ததும் வாய் வருமான்னு எனக்கே தெரியல. வந்தாலும் சரி, வராட்டியும் சரி, பதினோரு மணிக்கு நான் இங்க இருப்பேன். வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாலும் இங்கதான் வருவேன். கதவைச் சாத்தினாலும் வருவேன்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணின்னா பதினோரு மணிக்கே வந்துடு" என்றாள் பிறகு. "பன்னண்டரைக்கு எனக்கு டயாலிசிஸ். அத்தான் வந்து கூட்டிட்டுப் போவாரு."

"அவரை வேலைக்குப் போகச் சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நாலு மணி நேரம் ஆகும்டா. நீ ஒரு இடத்துல உக்கார மாட்டியே."

"உக்காருவேன்" என்றேன். இரண்டு வருஷத்தில் அந்த டயாலிசிஸ் அறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.